அடுப்பில்லாப் புரட்சியும் ஏழு நாள் மௌனமும்

மனிதகுலம் நெருப்பின் பிடியிலிருந்து விடுதலை பெற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஏழு பத்துக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் நடுக் கண்ணாடித் தட்டு உடைந்ததும் அதே ஏழு பத்துக்குத்தான். இரண்டையும் செய்தவன் நான்.

நடந்தது இவ்வளவுதான். வேகவைக்காத, பொரிக்காத, அடுப்பையே கண்ணால் காணாத "கிரனோலா பார்" என்னும் சத்துக்கட்டியை முந்தின நாள் சாயங்காலம் ஒரு தட்டில் கொட்டி, அழுத்தி, குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில் தயாராகிவிடும் என்று காணொளியில் ஒரு பெண்மணி புன்னகையோடு சொல்லியிருந்தார். நான் பன்னிரண்டு மணி நேரம் கொடுத்தேன். எதையும் காக்க வைத்தால்தான் அதற்கு மதிப்பு என்பது எங்கள் அலுவலகத்தில் நான் கற்ற பாடம். காலையில் தட்டைக் கவிழ்த்தேன், வரவில்லை. உலுக்கினேன், வரவில்லை. விரல் விறைத்து வெளியே எடுக்க முடியாததால் தட்டைக் குளிர்பெட்டிக்குள்ளேயே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மரக்கரண்டியால் அதன் முதுகில் ஒன்று வைத்தேன். கட்டி விழுந்தது. கண்ணாடி இரண்டாயிற்று. கட்டியில் ஒரு கீறல் இல்லை.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எதைப் பார்த்தாலும் முறிவு எங்கே என்று முதலில் தேடும் கண்.

"கையில கால்ல ஒண்ணும் படலையே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. எவ்வளவு உறுதியா வந்திருக்கு பாத்தியா?"

"பாத்தேன். கண்ணாடியக் குத்திக்காம நகருங்க."

ஒரு முனையைச் சிரமப்பட்டுப் பெயர்த்து அவளிடம் நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியது. சிறிது நேரம் கழித்து மறு பக்கம் உப்பியது.

"எப்படி இருக்கு?"

"நிறையக் கஷ்டப்பட்டிருக்கீங்க," என்றாள்.

இதை முதல் பாராட்டாகக் குறித்துக்கொண்டேன்.

வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் தவறாக எழுதிவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அடுப்பில்லாச் சமையலுக்காக அடுப்பை மூன்று முறைதான் பற்றவைத்தேன். தேனையும் வேர்க்கடலை வெண்ணெயையும் சேர்த்து இளக்க ஒரு முறை. தேன் போதாது என்று தோன்றியதால் சர்க்கரைப் பாகு காய்ச்ச இரண்டாம் முறை. பாகு கொதித்துக்கொண்டிருக்கும்போது தலைமை அலுவலகச் சுற்றறிக்கையை மறுபடி ஒரு தடவை படிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாகு "பொன்னிறத்தை"த் தாண்டி வேறொரு நிறத்தை அடைந்திருந்தது. அதை ஓட்ஸிலும் பாதாமிலும் பேரீச்சையிலும் பூசணி விதையிலும் கொட்டிவிட்டு, பாத்திரத்தை ஊறவைக்க வெந்நீர் போட்டது மூன்றாம் முறை. காணொளியில் அந்தப் பெண்மணி தட்டில் விரித்த எண்ணெய்த்தாளை நான் விரிக்கவில்லை. காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது.

அந்தச் சுற்றறிக்கையைப் பற்றியும் எங்கள் அலுவலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு மின்விசிறி நிறுவனத்தின் பதில் பிரிவில். வாடிக்கையாளர்கள் குறைகளை எழுதுவார்கள். நாங்கள் பதில் எழுதுவோம். எங்கள் பிரிவை உலகின் மிகச் சிறந்த பதில் பிரிவாக ஆக்கியவை இரண்டு விதிகள். முதல் விதி: எந்தக் கடிதத்திலும் "ஆம்" என்ற சொல்லும் "இல்லை" என்ற சொல்லும் வரக் கூடாது. எப்போதோ ஓர் எழுத்தர் அவசரப்பட்டு, "ஆம், இறக்கை வளைந்துதான் இருக்கிறது" என்று எழுதிவிட்டாராம். நானூறு விசிறிகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்ததாம். அந்த எழுத்தர் என்ன ஆனார் என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. அதன் பிறகு எங்கள் நடை முதிர்ந்துவிட்டது. ஒருவர், "வாங்கிய நாளிலிருந்து விசிறி சுற்றவில்லை" என்று எழுதினார். "தங்கள் விசிறியின் அமைதியை அக்கறையுடன் கவனத்தில் கொண்டோம்" என்று பதில் போட்டேன்.

இரண்டாம் விதி: பதில் போன பிறகு ஏழு வேலை நாளுக்குள் மறுபடி புகார் வராவிட்டால், அந்த வாடிக்கையாளர் "முழுத் திருப்தி அடைந்தவர்". ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கோப்பு மூடப்படும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் இப்படித் திருப்தி அடைகிறார்கள். சிலர் வேறு நிறுவனத்து விசிறி வாங்கித் திருப்தி அடைகிறார்கள். அதையும் எங்கள் சாதனையில்தான் சேர்த்திருக்கிறோம்.

இப்பேர்ப்பட்ட பிரிவுக்குத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து "ஆரோக்கியப் பணியிடம்" என்ற சுற்றறிக்கை வந்தது. அடுப்பு, ஆவி, மைதா ஆகிய மூன்றும் இல்லாத ஒரு சிற்றுண்டியை ஒவ்வொரு பிரிவும் பரிந்துரைக்க வேண்டும். திங்கட்கிழமை காலை மேலாளர் கூட்டம் போட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் "சுற்றறிக்கை". தாகம் எடுத்தால்கூட எழுத்தில் தெரிவிப்பவர்.

"மூணும் இருக்கக் கூடாது. என்ன பண்ணலாம்?" என்றார்.

"பழம் வெக்கலாம் சார்," என்றார் கோப்பறைக்காரர்.

"பழம் அழுகும். அழுகினா புகார் வரும். வேற?"

நான் எழுந்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக "பதில் எழுத்தர், நிலை இரண்டு" என்ற பதவியில் உட்கார்ந்தே இருந்தவன் எழுந்ததைப் பார்த்து, கூட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணி இருவர் கிளம்பினார்கள்.

"நான் ஒரு பார் பண்ணியிருக்கேன் சார். வீட்டுலயே பண்றது. அடுப்பே வேணாம்."

"கெட்டுப்போகுமா?"

குளிர்பெட்டியின் கண்ணாடி என் நினைவுக்கு வந்தது. "அதுக்கு வாய்ப்பே இல்ல சார்."

மேலாளர் அகமகிழ்ந்தார். அங்கேயே என்னை "சிற்றுண்டி ஒருங்கிணைப்பாளர் (தற்காலிகம்)" ஆக்கினார். அடைப்புக்குறிக்குள் இருந்த சொல்லை நான் பார்க்காதது போலவே இருந்துவிட்டேன்.

"இப்படிப் பண்ணுவோம்," என்றார் அவர். "எல்லாருக்கும் இன்னைக்கே குடுங்க. ஏழு நாள் பாப்போம். புகார் வரலன்னா திருப்தி. அப்புறம் அந்த டீ வண்டி நிக்கிற இடத்துல ஒரு ஆரோக்கிய அலமாரி வெச்சிடலாம்."

"டீக்கார அக்கா, சார்?"

"அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் குடுத்துடலாம்."

"என்ன கடிதம் சார்?"

"அத நீங்கதானே எழுதுவீங்க."

டீக்கார அக்கா எங்கள் மாடியின் கோடியில், படிக்கட்டுக்கும் தண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவே, காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பவர். ஒரு பெரிய பாத்திரத்தில் டீ, ஒரு தட்டு நிறைய வெண்ணெய் தடவிய பன். பன்னிரண்டு ஆண்டுகளாக அதுதான் அவருக்கு வேலை. வேறு வேலை கிடையாது. யாருக்குச் சர்க்கரை அரை, யாருக்குச் சர்க்கரை ஒன்றரை, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். அவரை நினைத்ததும் எனக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனால் பட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பாரை வெட்டினேன் என்று சொல்வதுதான் வழக்கம். அறுத்தேன் என்பதே பொருந்தும். அதற்காக ஞாயிறு மதியம் எதிர்வீட்டுத் தச்சரிடம் ரம்பம் வாங்கியிருந்தேன். இருபத்துநாலு துண்டு வந்தது. "என்ன மரம் இது?" என்று அவர் கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை.

விநியோகம் சிறப்பாக நடந்தது. மேலாளர் தம் துண்டை எல்லார் முன்னிலையிலும் வாயில் போட்டுக் கடித்தார். பிறகு ஒன்பது நிமிடம் பேசவில்லை. அவர் பிரிவுக்கு வந்த நாள் முதல் இப்படி ஓர் அமைதியான கூட்டம் நடந்ததில்லை. பலர் கண்களில் நன்றி தெரிந்தது.

நான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கருத்துக் கேட்டேன். எனக்கு வேண்டியது சடங்கான பாராட்டு அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். வாழ்நாளில் முதன்முறையாக என் கையால் ஒன்றைச் செய்திருக்கிறேன். அது நன்றாக இருக்கிறதா என்று ஒருவர் சொல்ல மாட்டாரா?

"இப்படி ஒண்ண நான் சாப்பிட்டதே இல்ல சார்," என்றார் கணக்குப் பிரிவு மேடம்.

"நல்ல விதமாச் சொல்றீங்களா?"

"சொல்லிட்டேனே சார்."

கோப்பறைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரொம்ப நேரம் வருது. பத்து மணிக்கு வாயில போட்டது. இன்னும் இருக்கு."

"ருசி எப்படி?"

"அதுக்கு இன்னும் போகல சார்."

மேலாளரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து, "தங்கள் முயற்சி கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சொற்றொடர் எனக்கு எங்கேயோ பழக்கமானதாகப் பட்டது. யோசித்துப் பார்த்தேன். நான்தான் எழுதியது, பதினோரு ஆண்டுகளுக்கு முன், கூரையிலிருந்து கழன்று விழுந்த ஒரு விசிறிக்கு.

இருந்தாலும் ஜனநாயகம் முக்கியம். குறை இருப்பவர்கள் தாராளமாகப் புகார் தரலாம் என்று அறிவித்தேன். புகார்ப் படிவத்தைப் பெற ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். விண்ணப்பத்தில் சிற்றுண்டி ஒருங்கிணைப்பாளரின் ஒப்பம் வேண்டும். ஒப்பமிட நான் நாள் முழுவதும் என் இருக்கையிலேயே, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

வாரம் முழுவதும் பார் எங்கள் பிரிவின் வாழ்க்கையில் இரண்டறக் கலந்தது. மேடத்தின் மேசை ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தால் காலுக்கடியில் ஒரு துண்டு. கோப்பறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்வதும் நின்றது. விசிறிக் காற்றில் பறக்கும் கடிதங்களின் மேல் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் கம்பீரமாக அமர்ந்திருந்தன. எந்த நாட்டுச் சிற்றுண்டி சாப்பிடாமலே இவ்வளவு பயன் தந்திருக்கிறது? "பல்நோக்குப் பயன்பாடு: மிகச் சிறப்பு" என்று அறிக்கையில் எழுதினேன்.

வீட்டில் மட்டும் சிறு பின்னடைவு. சனிக்கிழமை இரண்டாவது தட்டைச் செய்து முடித்துவிட்டு மனைவியிடம் மறுபடி கேட்டேன்.

"நேராச் சொல்லு. நல்லா இருக்கா, இல்லையா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "ம்," என்றாள்.

"ம்னா?"

"பதினாறு வருஷமா நான் சமைச்சு வெச்சிட்டு இதையே கேக்கறேன். நீங்க 'ம்'னுதான் சொல்றீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்லுங்க, நான் சொன்னதுக்கும் அதான் அர்த்தம்."

இந்தக் கருத்தை அறிக்கையில் சேர்க்கவில்லை. அது ஆய்வு வரம்புக்கு வெளியே நிகழ்ந்தது.

ஏழாம் நாளும் வந்தது. புகார் எண்ணிக்கை பூஜ்யம். எங்கள் பிரிவின் சரித்திரத்திலேயே முதன்முறையாக நூற்றுக்கு நூறு பேரும் முழுத் திருப்தி. மாலை ஐந்து மணிக்குக் கோப்பை மூடி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அலமாரிக்கு அளவெடுக்க ஆள்கூட வந்து போய்விட்டார்.

அன்று காலை பதினொன்றரைக்கு எங்கள் பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. தபாலில் அல்ல, மேடத்தின் டீ டம்ளருக்கு அடியில். கோடு போட்ட தாளில் இரண்டே வரி:

"ஐயா, நாளையிலிருந்து டீ வண்டி வர வேண்டுமா, வேண்டாமா? பாலுக்குச் சொல்ல வேண்டும்."

எங்கள் பிரிவுக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும் பதில் போட வேண்டும் என்பது நெறி. மேலாளர் அதை என் மேசையில் வைத்தார். நான் மதியச் சாப்பாட்டையும் மறந்து எழுதினேன். என் பத்தொன்பது ஆண்டு அனுபவமும் அதில் இறங்கியது. சில வரிகள் மட்டும் தருகிறேன்:

"பால் குறித்த தங்கள் அக்கறையை ஆழ்ந்த மரியாதையுடன் ஏற்கிறோம். பன்னிரண்டு ஆண்டுக் காலத் தங்கள் ஆவி பறக்கும் சேவை எங்கள் நெஞ்சங்களில் என்றும் சூடாகவே இருக்கும். காலத்தின் சுழற்சியில் வண்டிகளும் வாழ்க்கையும் புதிய திசைகளை நோக்கி நகர்வது இயல்பே. பால் தொடர்பாகத் தக்க முடிவை எடுக்கும் முழு உரிமையும் தங்களுக்கு உண்டு என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மேலாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அற்புதம். படிச்சா அழுகையும் வருது, ஒண்ணும் புரியவும் இல்ல. ஒரே ஒரு திருத்தம். 'உண்டு'ங்கறது ரொம்ப உறுதியாப் படுது. 'உண்டு எனக் கருதலாம்'னு போட்டுடுங்க."

போட்டேன். தபாலில் அனுப்ப நேரம் இல்லாததால் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. மணி நாலே முக்கால். கூட்டம் கலைந்துவிட்டது. அக்கா டம்ளர்களைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பன் தட்டு காலியாக இருந்தது. கையைத் துணியில் ஒற்றிவிட்டு, வண்டியின் கீழ்த்தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கடிதத்தை மெதுவாகப் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் கடிதம் எழுதுகிறேன். என் கடிதத்தைப் படிக்கிற ஒரு முகத்தை நேரில் பார்த்தது அன்றுதான். தபால் என்ற ஏற்பாட்டில் எழுதுகிறவனுக்கு எவ்வளவு பெரிய வசதி இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்றார்.

"நன்றிக்கா."

"பாலுக்குச் சொல்லவா, வேண்டாமா?"

"அது கடைசிப் பத்தியில இருக்குக்கா."

"கடைசிப் பத்தியில முடிவெடுக்கற உரிமை எனக்குத்தான்னு போட்டிருக்கு. அப்ப வரேன்னு நான் முடிவு பண்ணா வரலாமா?"

"அப்படிச் சொல்ல வரலக்கா."

"அப்ப வரக் கூடாதா?"

"அப்படியும் அதுல போடல."

அக்கா கடிதத்தை மடித்தார். "அஞ்சு மணிக்குப் பால்காரர் ஃபோன் பண்ணுவாரு. நாளைக்கு எத்தனை லிட்டர்னு கேப்பாரு. அவருக்கு நான் இதைப் படிச்சுக் காட்டவா? காலத்தின் சுழற்சின்னா எத்தனை லிட்டர் சார்?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பார் சாப்பிட்டவர்களின் நிலை அப்போது கொஞ்சம் புரிந்தது.

"வேண்டாம்னுதான்க்கா இருக்கு," என்றேன். சொன்ன பிறகு, யாராவது அதைத் திருத்தச் சிவப்பு மையோடு வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். "இன்னும் கோப்பு மூடல. பார்மேல ஒரு புகாரும் வரலன்னுதான் உங்க வண்டிய எடுக்கறாங்க. அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு புகார் வந்தாலும் போதும், மூட முடியாது. வண்டி இங்கயே இருக்கும்."

"ஒருத்தர்கூடவா சொல்லல?"

"ஒருத்தர்கூட."

சட்டைப்பையிலிருந்து புகார்ப் படிவத்தை எடுத்து, விண்ணப்பம் இல்லாமலே, வண்டியின் மேல் விரித்தேன். பேனாவைத் திறந்தேன். "உங்களுக்கும் முதல் நாள் ஒரு துண்டு குடுத்தேனே. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அப்படியே எழுதிக்கறேன்."

"நான் சொன்னா, வண்டி போகுதேங்கற வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு ஆயிடாதா?"

அது நியாயமாகத்தான் பட்டது. நியாயத்தோடு சேர்ந்து என்னுள் வேறொன்றும் தலைதூக்கியது. மணி நாலு ஐம்பத்தைந்து. எதிரே ஒருவருடைய பிழைப்பு ஐந்து நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் கேட்டது இது:

"அப்ப... நல்லா இருந்துச்சாக்கா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்தார்.

"நல்லா இல்ல சார். வாயில வெக்க முடியல. இந்த ஏழு நாளும் உங்க மாடியே பசியோட வந்து நின்னுச்சு. தினம் பன்னு பத்தாம ரெண்டு தட்டு கூடக் கொண்டு வந்தேன். அதுல ரெண்டு வேளையும் மொத ஆளா வந்து, யாராவது பாக்கறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, ரெண்டு பன்னு வாங்கிப் பையில போட்டுட்டுப் போனது நீங்கதான். இந்தப் புகார் நான் குடுக்க வேண்டியது இல்ல சார். பேர் போடற இடத்துல உங்க பேரப் போடுங்க."